பல்வீந்தர் சிங் அமிர்தம் வாங்கிய ஞாயிறு

மலர், கவின், இரண்டு பேரும் கேளுங்கள். அப்பா கனடா போய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வருகிறவர் போகிறவர் எல்லாம் நயாகரா பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். பார்க்கவில்லை. நான் பார்த்தது மூடப்போகும் ஒரு மில், தப்பான திசையில் போகும் ஒரு பஸ், ஒரு செருப்பு அலமாரி. அந்த அலமாரிக்கு முன்னால் மட்டும் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை உங்களிடம் வாயால் சொல்லத்தான் பார்த்தேன். கவின் பாதியில் செல்போனை எடுத்துக்கொண்டான், மலருக்கு டியூஷன் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படியுங்கள்.

எங்கள் கம்பெனி மாண்ட்ரியலில் ஒரு பழைய பனியன் மில்லில் எட்டு நிட்டிங் மிஷின் வாங்கியது. பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் போட்டு, பெட்டியில் அடைத்து அனுப்ப ஒரு பிட்டர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் போனேன். அந்த மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர் பல்வீந்தர் சிங். உங்களுக்கு அவனைத் தெரியாது. நீங்கள் பிறப்பதற்கு முன்னால் லூதியானாவில் இருந்து திருப்பூருக்கு வந்து, ஆறு வருடம் என் பக்கத்து மிஷினில் வேலை செய்தவன். தமிழை எங்கள் பட்டறையில்தான் கற்றுக்கொண்டான். மிஷினைத் திட்டினால்கூட "ங்க" போட்டுத்தான் திட்டுவான்.

விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் என் மூக்கு காணாமல் போய்விட்டது. சித்திரை பிறக்கிற வாரம். நம் ஊரில் தார் உருகும். அங்கே தெருவோரம் கறுப்புப் பனி குவிந்து கிடந்தது.

"ஏனுங்ணா, ஸ்வெட்டர் ஒண்ணுதானுங்களா? அடப் பாவமே!" என்று ஆறடி உயரத்தில் ஒரு தலைப்பாகையும் தாடியும் வந்து என்னை அப்படியே தூக்கியது. பல்வீந்தர்தான். திருப்பூரைவிட்டுப் போகும்போது மழமழவென்று இருந்த முகம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வருகிறேன்.

கனடாவில் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனேன். பள்ளத்தில் விழுந்து விழுந்துதான் வீடு போய்ச் சேர்ந்தோம். கேட்டால், "பனி உருகினா இப்படித்தானுங். நம்ம காங்கயம் ரோட்டை நெனச்சுக்கங்க" என்றான். காங்கயம் ரோட்டைப் பார்க்கவா நான் பதினெட்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்தேன்?

வீடு மாண்ட்ரியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில். அவன் மனைவி ஜஸ்பீர் கௌர் நல்ல மனுஷி. எனக்குத் தெரிந்த பட்டறை இந்தியில்தான் அவரோடு பேச்சு. அதைத் தமிழாக்கி எழுதுகிறேன். அவர் காலையில் உருளைக்கிழங்கு பராத்தா கொடுத்தார். மத்தியானம் டப்பாவில் பராத்தா. ராத்திரி முள்ளங்கி பராத்தா. "சோறு கிடைக்குமா?" என்று கேட்டேன். மறுநாள் சோறு வந்தது, மேலே ராஜ்மா ஊற்றி. குறை சொல்லக் கூடாது. ஆனால் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மில்லில் வேலை ஆரம்பித்தேன். எனக்கு ஒத்தாசைக்கு தர்ஷன் சிங் என்று ஒரு ஆபரேட்டரைப் போட்டிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. நீலத் தலைப்பாகை. அரை மணி நேரம் லேட்டாக வந்தார். பல்வீந்தர் எல்லோருக்கும் முன்னால் பஞ்சாபியில் ஒரு பாட்டம் கத்திவிட்டு, டைப் அடித்த ஒரு வார்னிங் லெட்டரை நீட்டினான். அந்த மனிதர் இரண்டு கையாலும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்பேனரை எடுத்தார்.

"மூடப்போற மில்லுல எதுக்குப்பா வார்னிங் லெட்டர்?" என்றேன்.

"மூடற வரைக்கும் மில்லுதானுங்களே."

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஜஸ்பீர், "ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் அமிர்தம். உங்களிடம் சொன்னாரா?" என்றார். பல்வீந்தர் சொல்லவில்லை. போனில் "வரும்போது ரெண்டு கச்சேரா தச்சு வாங்கிட்டு வாங்ணா" என்று மட்டும் கேட்டிருந்தான். கச்சேரா என்றால் தொடை வரை வரும் தொளதொள உள்டவுசர். நானும் ஏதோ குளிருக்கு என்று நினைத்தேன்.

அமிர்தம் என்றால் நம் கோவில் தீர்த்தம் மாதிரி, கை நீட்டி வாங்கித் தலையில் தடவிக்கொள்வது என்று எண்ணிவிடாதீர்கள். அது சீக்கியர்களின் தீட்சை. குளித்து, தலை அலசி, ஐந்து அடையாளங்களை உடம்பில் தரித்துக்கொண்டு போக வேண்டும். வெட்டாத முடி, மரச்சீப்பு, இரும்பு வளை, கிர்பான் என்கிற குறுவாள், ஐந்தாவதாக இந்தக் கச்சேரா. ஏற்கெனவே தீட்சை பெற்ற ஐந்து பேர் ஓர் இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரும் சர்க்கரை வில்லையும் போட்டு, இருபுறம் கூரான வாளால் கலக்கிக்கொண்டே பிரார்த்தனைகளை ஓதுவார்கள். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கக் கொடுப்பார்கள். அதன்பிறகு முடியை வெட்டக் கூடாது, புகையிலையைத் தொடக் கூடாது, இன்னும் பல. தினம் விடிவதற்கு முன் எழுந்து ஓத வேண்டும்.

"சீக்கியராகத்தானே பிறந்தீர்கள், அது போதாதா?" என்று கேட்டேன்.

"பிறந்தது அம்மா அப்பா செய்தது. இது நான் செய்வது" என்றார் ஜஸ்பீர். தட்டில் இன்னொரு பராத்தாவையும் வைத்தார்.

பல்வீந்தர் கதை சொல்வதில் கெட்டிக்காரன். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய பத்தாவது குரு, பெருங்கூட்டத்தின் நடுவே வாளை உருவி, "ஒரு தலை வேண்டும், யார் தருவது?" என்று கேட்டாராம். ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். இப்படி ஐந்து பேர். கடைக்காரர், விவசாயி, தண்ணீர் சுமப்பவர், நாவிதர், துணிக்கு அச்சுப் போடுகிறவர். கவனித்தீர்களா, நம் ஊர்த் தொழில் செய்கிறவர் ஒருவர் அதில் இருக்கிறார். தலையை யாரும் வெட்டவில்லை. அந்த ஐந்து பேருக்கும் ஒரே பாத்திரத்தில் இருந்து அமிர்தம் கொடுத்தார் குரு. கொடுத்துவிட்டு அவரே அந்த ஐந்து பேர் முன்னால் மண்டியிட்டு, "இப்போது எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

"குருவே கேட்டாருங்ணா, தன்னோட ஆளுங்ககிட்ட" என்றான் பல்வீந்தர். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஜஸ்பீர் என்னைப் பார்த்து, "இரண்டு தடவை பேர் கொடுத்தோம். இரண்டு தடவையும் அந்த நாளில் இவருக்கு முதுகு வலி வந்தது. நானும் இவருக்காக நின்றுவிட்டேன். இந்தத் தடவை நான் நிற்கப் போவதில்லை" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பெட்டியைத் திறந்து கச்சேராவை எடுத்தேன். நல்ல காடா வெள்ளைத் துணி. நம் தெரு டெய்லரிடம் பக்கத்தில் நின்று தைக்க வைத்தது. நாடா கட்டி அவிழ்த்து யார் சிரமப்படுவது என்று, ஏற்றுமதிக்குப் போகிற முதல் தர எலாஸ்டிக் வாங்கிக் கொடுத்து இடுப்பில் வைக்கச் சொல்லியிருந்தேன். பெருமையாக இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினேன். பட்டென்று அடித்தது.

ஜஸ்பீர் வாயைப் பொத்திக்கொண்டார். கச்சேராவுக்கு நாடாதான் வைக்க வேண்டுமாம். எலாஸ்டிக் வைத்தது அவர்கள் கோவிலான குருத்வாராவில் செல்லாது.

எனக்கு எரிச்சல். இருபது வருடமாக உலகத்துக்கே உள்ளாடை போட்டுவிடுகிற ஊரில் இருந்து வந்திருக்கிறேன், எனக்கா டவுசர் தைக்கத் தெரியாது? ஆனால் அதைவிடப் பெரிய எரிச்சல், பல்வீந்தர் முகத்தைப் பார்த்தபோது வந்தது. அவன் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு வாரம் லீவு கிடைத்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தான்.

"விடுங்ணா. நமக்குக் கொடுத்து வைக்கலீங். அடுத்த தடவை பாத்துக்கலாமுங்" என்றான்.

"குருத்வாராவில் பெட்டி நிறைய வைத்திருக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள்" என்றார் ஜஸ்பீர்.

"இல்லை. திருப்பூர்த் துணியில்தான் போவேன் என்று நேர்ந்துகொண்டேன்" என்றான் பல்வீந்தர்.

ஜஸ்பீர் உள்ளே போய்விட்டார். நான் அவனைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். அந்தக் குளிரிலும் இழுத்து வந்தேன் என்றால் எனக்கு எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளா, இதை நான் உங்களிடம் மறைக்கக் கூடாது. பல்வீந்தர் பதினெட்டு வயதிலேயே லூதியானாவில் அமிர்தம் வாங்கியவன். திருப்பூருக்கு வந்தபோது தலைப்பாகையோடுதான் வந்தான். பட்டறை வெக்கையில், பஞ்சுத் தூசி தாடியில் ஒட்டிக்கொண்டு திரிவான். நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இந்த வெயில்ல எதுக்குப்பா இந்தப் பாரம்?" என்று சலூனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தது வேறு யாரும் இல்லை, உங்கள் அப்பாதான். அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சிரித்தேன். நம்மில் ஒருவனாக ஆக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். கனடாவுக்கு வந்தபிறகுதான் அவன் மறுபடி வளர்த்திருக்கிறான். தீட்சை வாங்கியவர் முடியை வெட்டிவிட்டால், அந்த ஐந்து பேர் முன்னால் நின்று, செய்த தப்பைத் தன் வாயால் சொல்லி, அவர்கள் கொடுக்கும் தண்டனையை ஏற்றுக்கொண்டு, மறுபடியும் முதலில் இருந்து அமிர்தம் வாங்க வேண்டுமாம்.

"அது தெரிஞ்சுதானே பேர் குடுத்த? இப்ப என்ன?" என்றேன்.

அவன் தாடியைத் தடவினான். "ஞாயித்துக்கெழமை அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன் யாருன்னு நெனச்சீங்க? நம்ம தர்ஷனுங்."

"எந்த தர்ஷன்?"

"நேத்து லெட்டர் குடுத்தேனே, அவந்தானுங். அவன் முன்னாடி நான் கைகட்டி நிக்கோணும். முடி வெட்டினேனுங், தப்புதானுங்னு சொல்லோணும். திங்கக்கெழமை அவனே எங்கிட்ட வேலைக்கு வருவானுங்ணா!"

என் எலாஸ்டிக்கை அவன் சாக்காக ஆக்க விடக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்தக் காலத்தில் சலூனுக்கு நடத்திப் போனவன் நான். இந்தத் தடவையும் என்னால் கெட்டது என்று இருக்கக் கூடாது.

சனிக்கிழமை. ஜஸ்பீருக்கு அவர் வேலை பார்க்கும் கிடங்கில் ஷிப்ட். பல்வீந்தருக்கு, சொல்லவே வேண்டாம், முதுகு வலி. வீட்டில் தையல் மிஷின் கிடையாது. நான் மிஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பேன், ஊசியில் நூல் கோக்க வராது. தெருமுனைக் கடைக்குப் போனேன். அங்கே மூலைக்கடையை தெப்பனேர் என்கிறார்கள். கல்லாவில் இருந்தவர் "போன்ஜூர்" என்றார். நான் முழித்த முழியைப் பார்த்து, "தமிழோ அண்ணை?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைச் சொன்னேன். "என்ர தங்கச்சி கோட்-டெ-நெய்ஜில வீட்டில வச்சுத் தைக்கிறவ. இப்ப போனாப் பிடிக்கலாம்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசமும், எந்த பஸ், எங்கே மெத்ரோ ரயில் என்பதும் எழுதிக் கொடுத்தார்.

சரியான நம்பர் பஸ்ஸில்தான் ஏறினேன். தப்பான பக்கம் நின்று ஏறிவிட்டேன். அது கர்க்லாண்டுக்குப் போய், வீடு வீடாகச் சுற்றியது. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி மரம், தெருவில் ஒரு மனுஷன் இல்லை. நம் ஊரில் என்றால் கண்டக்டர் "இது எங்க போகுதுன்னு தெரியுமாங்க?" என்று ஏறும்போதே கேட்டிருப்பார். இங்கே கண்டக்டரே கிடையாது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லி இறங்கச் சொன்னார். நான் காகிதத்தைக் காட்டினேன். அவர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அந்த எதிர்ப்பக்கத்தில், கையில் டவுசர் மூட்டையோடு முக்கால் மணி நேரம் நின்றேன். பிறகு பஸ், பிறகு மெத்ரோ, பிறகு மேட்டில் ஏறி நடை. ஷூவுக்குள் பனித் தண்ணீர் சளக் சளக் என்றது.

அந்தத் தங்கச்சிக்கு ஐம்பது வயது. வார நாளில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, சனிக்கிழமை தையல். கச்சேராவை விரித்துப் பார்த்துவிட்டு, "ஆருக்கண்ணை இது, யானைக்கோ?" என்றார்.

சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு எலாஸ்டிக்கைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"எனக்கும் சின்னனில சிவதீட்சை தந்தவை. மச்சம் மாமிசம் தொடப்படாது எண்டு சொன்னவை. இஞ்ச வந்து முதல் கிழமையே கோழிக்கறி" என்றார். "அவர் போய்ப் பிழையைச் சொல்லி, திரும்ப எடுக்கலாமோ?"

"எடுக்கலாமாம். அஞ்சு பேர் முன்னாடி நின்னு சொல்லணுமாம்."

"அது நல்லம் அண்ணை. எங்கட ஆக்களுக்குப் போய்ச் சொல்லவும் ஒரு இடமில்லை. பேசாமல் இருந்திடுறம்." நாடாவைக் கோத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டார். "ஆனா அவர் போவாரோ? ஆம்பிளையள் கைதட்டுற சபைக்கெண்டாப் போவினம்."

அவர் கொடுத்த இடியப்பமும் சொதியும்தான் அங்கே இருந்த பதினொரு நாளில் நான் குறையில்லாமல் சாப்பிட்ட ஒரே சாப்பாடு. திரும்பி வந்து, நாடா வைத்த கச்சேராவை பல்வீந்தர் மடியில் போட்டேன். "எடுத்துக்க. உன் திருப்பூர்த் துணி, உன் நாடா" என்றேன். "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வீட்டில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. இருவரும் தலை அலசி, ஈரத்தோடு கொண்டை போட்டுத் தலைப்பாகை கட்டிக் கிளம்பினார்கள். குருத்வாரா வாசலில் காரை நிறுத்தியதும் ஜஸ்பீர் இறங்கினார். கதவைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

பல்வீந்தர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். சாத்திவிட்டால் முடியும் வரை யாரும் உள்ளே போக முடியாது, யாரும் வெளியே வர முடியாது. கண்ணாடிக் கதவு வழியாக ஐந்து பேர் நடந்து போவது தெரிந்தது. காவி நிற அங்கி, இடுப்பில் பட்டை, கையில் வாள். மூன்றாவது ஆள் தர்ஷன். மில்லில் என் பக்கத்தில் கிரீஸ் கையோடு நின்ற அதே ஒல்லி மனிதர்.

"சிரிப்பானுங்களா?" என்றான் பல்வீந்தர்.

"சிரிச்சா சிரிக்கட்டும். எறங்கு."

"உங்களுக்குப் புரியலீங்."

"எனக்கென்னடா புரியணும்? குருவே தன் ஆளுங்க முன்னாடி மண்டி போட்டாருன்னு அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப யாரு சொன்னது? நீதானே?"

"அவர் குருங்ணா. நான் சூப்பர்வைசருங்."

மணி ஐந்து ஐம்பத்தைந்து. வாசலில் காவலுக்கு நின்றவர் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், அவன் பக்கத்துக் கதவைத் திறந்து தள்ளிவிடலாம் என்று குறுக்கே பாய்ந்தேன். என் முழங்கை ஹாரனில் அழுந்திவிட்டது. சாதாரணமாக அல்ல, எடுக்க முடியாமல் அழுந்திவிட்டது. ஸ்வெட்டர் கைப்பிடி எதிலோ மாட்டிக்கொண்டது. அந்த அமைதியில், அந்த விடியலில், வாகன நிறுத்தம் முழுக்க எங்கள் ஹாரன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஜஸ்பீர் திரும்பினார். தர்ஷனும் திரும்பினார்.

"அய்யோ, கையை எடுங்ணா!" என்று கத்திக்கொண்டு பல்வீந்தர் கதவைத் திறந்து இறங்கினான். இறங்கிய பிறகு மறுபடி ஏற முடியாது, அத்தனை கண்ணும் அவன் மேல். ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனான். கதவைச் சாத்திவிட்டார்கள். அவனை உள்ளே அனுப்பியது நான் சொன்ன நியாயமா, ஹாரனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னை உள்ளே விடவில்லை. தீட்சை வாங்கியவரும் வாங்க வந்தவரும் மட்டும்தானாம். ஏழு கடல் தாண்டி வந்தவனுக்குச் செருப்பு அலமாரிதான். அங்கே கழற்றி வைத்திருந்த பூட்ஸில் இருந்து வடிந்த பனித் தண்ணீரில் என் காலுறை முழுக்க நனைந்தது. காவல்காரர் பாவம் பார்த்து டீ கொடுத்தார். ஏழு மணிக்குப் பல்வீந்தர் ஷூ அலமாரியில் இருந்தது. எட்டுக்கும் இருந்தது. ஒன்பதரைக்கும் இருந்தது. உள்ளே ஓதும் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சில சமயம் பலர் சேர்ந்து ஒரே குரலில் ஏதோ சொல்வார்கள். அதில் அவன் குரல் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். தெரியவில்லை.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. முதலில் ஜஸ்பீர் வந்தார். என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் காலுறையை மறந்தேன். பின்னால் பல்வீந்தர். கண் சிவந்திருந்தது, தாடியெல்லாம் ஈரம்.

"என்னப்பா ஆச்சு?"

"சொன்னேனுங்ணா. எல்லாத்தையும் சொன்னேன். சலூனையும் சொன்னேன். உங்க பேரைச் சொல்லலீங், கவலப்படாதீங்க." மூக்கை உறிஞ்சினான். "நாப்பது நாள் பாத்திரம் கழுவச் சொல்லியிருக்காங்க. அதைச் சொன்னது தர்ஷன்தானுங்."

"சிரிச்சாரா?"

"அவரு மொகத்தையே பாக்கலீங். காலைத்தான் பாத்தேன். பித்த வெடிப்புங்க, பாவம்." அவன், இவன் என்று பேசிக்கொண்டிருந்தவன் "அவரு" என்றதை அப்போதுதான் கவனித்தேன்.

பந்தியில் உட்கார்ந்தோம். உள்ளே நடந்ததை அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒரு காலை மடக்கி மண்டியிட வேண்டும். ஐந்து கை அமிர்தம் குடிக்க, ஐந்து தடவை கண்ணில், ஐந்து தடவை தலையில். எல்லோருக்கும் கொடுத்த பிறகு பாத்திரத்தில் மிச்சம் இருப்பதை, அந்தப் பாத்திரத்தையே கைமாற்றிக் கைமாற்றி, ஒவ்வொருவராக வாய் வைத்துக் குடிக்க வேண்டும்.

"வாய் வச்சா?" என்றேன்.

"ஆமாங்."

"அடுத்தவங்க எச்சிலாச்சே!"

பல்வீந்தர் சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அதுக்குத்தானுங்ணா அந்தப் பாத்திரம். யாரு எந்த சாதி, யாரு எந்த ஊரு, யாரு முதலாளி, அதெல்லாம் அதுல போயிரோணுமுங். எனக்கு முன்னாடி குடிச்சவரு ஏர்ப்போர்ட்ல டாக்ஸி ஓட்டறவரு. எனக்கு அப்புறம் ஒரு டாக்டரம்மா."

நான் தண்ணீர் டம்ளரை எடுத்து, அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டேன். பழக்கம். என் அப்பா என் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. நானும் உங்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். சுத்தம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் நம் தெருவில் அந்தக் காலத்தில் யாருக்கு டம்ளரில் கொடுத்தார்கள், யாருக்குக் கையில் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். அது சுத்தத்துக்காக மட்டும் இல்லை என்றும் தெரியும். உங்களிடம் இதை நான் இதுவரை சொன்னதில்லை.

திங்கட்கிழமை மில்லுக்குத் தர்ஷன் பத்து நிமிடம் லேட்டாக வந்தார். பழைய நீலத் தலைப்பாகை, பழைய கிரீஸ் சட்டை. பல்வீந்தர் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிடம்" என்றான். "ஆமாம் ஜி" என்றார் அவர். அவ்வளவுதான். வார்னிங் லெட்டரின் நகலைக் கிழித்துப் போடுவான் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை, ஃபைலில்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், தர்ஷனுடைய டப்பாவையும் சேர்த்து எடுத்துப் போய்க் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்தான். மற்ற ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நாற்பது நாள் கணக்கில் சேராது ஜி, அது குருத்வாராப் பாத்திரம்" என்றார் தர்ஷன்.

"தெரியும், வேலையைப் பார்" என்றான் பல்வீந்தர்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் எட்டாவது மிஷினின் கடைசிப் பெட்டியை மூடும்போது நானும் தர்ஷனும் மட்டும் இருந்தோம். அவர் பிளாஸ்கைத் திறந்து அதன் மூடியில் டீ ஊற்றினார். மூடி ஒன்றுதான். இரண்டு வாய் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். ஏதோ நினைத்துச் செய்யவில்லை. குளிருகிறது, பக்கத்தில் ஒருவன் நிற்கிறான், கொடுக்கிறார், அவ்வளவுதான். நான் வாங்கி, சூடாக இருக்கிறது என்று சைகை காட்டிப் பெட்டி மேல் வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, பிளாஸ்க் இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் போகும் வரை காத்திருந்தேன். ஹாலில் யாரும் இல்லை. மிஷின் இருந்த இடமெல்லாம் தரையில் எண்ணெய் வட்டம் மட்டும் இருந்தது. மூடியை எடுத்தேன். பழக்கத்தில் தலை தானாக அண்ணாந்தது. தலையை நேராக்கினேன். அவர் குடித்த பக்கத்தில் விளிம்பு ஈரமாக இருந்தது. அதே பக்கத்தில் வாயை வைத்து, ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.